தங்க வயலின் இருப்புப் பாதை

கோலார் தங்க வயலுக்கு இரயில் வந்தது பயணிகளுக்காக அன்று. கொதிகலன்களுக்கும் நிலக்கரிக்கும் ஆக. 1864ஆம் ஆண்டில் சென்னை இரயில்வே கம்பெனி ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டு வரை பாதை அமைத்து முடித்தது. அந்தப் பாதையில் இருந்த ஒரு நிலையத்திற்கு, மைசூர்க் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயர் சூட்டப்பட்டது. பௌரிங்பேட்டை என்று பல்லாண்டுகள் வழங்கிய அவ்வூரே இன்றைய பங்காருபேட்டை. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிய மைக்கேல் லவெல் என்னும் ஐரிஷ் நாட்டுப் போர்வீரர், 1870களில் கோலார்ப் பகுதியில் தங்கம் தேடும் உரிமை கோரி மைசூர் அரசுக்கு விண்ணப்பித்தார். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி சுரங்கத் தொழிலை ஏற்றபின் பெரும் இயந்திரங்கள் வரத்தொடங்கின. இயந்திரம் வந்தால் எரிபொருளும் வரவேண்டும். இக்காரணத்தால் 1894இல் பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளக் கிளைப் பாதை திறக்கப்பட்டது. பாதை மைசூர் அரசின் சொத்து. வண்டிகளை ஓட்டும் பொறுப்பு சென்னை இரயில்வேயுடையது.

அன்று எடுக்கப்பட்ட ஒரு முடிவின் அருமை நூறாண்டுகளுக்குப் பின்னரே புலப்பட்டது. மைசூர் அரசின் இருப்புப் பாதைகளில் பெரும்பாலானவை மீட்டர் பாதைகள். தங்க வயல் கிளையோ சென்னைப் பாதையின் அகலத்திலேயே போடப்பட்டது. துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு, வழியில் பெட்டி மாறாமல் சுரங்க வாயிலுக்கே வந்து சேர்ந்தது. இதற்கு மாறாக, அதே பங்காருபேட்டையிலிருந்து மாவட்டத் தலைநகரான கோலாருக்கு 1913இல் செலவைச் சுருக்கிக் குறுகிய பாதை போடப்பட்டது. அது 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. கோலாருக்கு அப்பால் சிக்கபள்ளாப்பூர் வரையிலான பகுதி அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது 2013ஆம் ஆண்டில்தான். தொடக்கத்தில் மிச்சப்பட்ட பணத்தைப் பின்வந்தோர் பலமடங்காகச் செலுத்தினர். திட்டமிடும் அலுவலர்கள் இந்த இரு கிளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

திசை மாறிய பயணம்

இப்பாதை சரக்கோடு மனிதர்களையும் கொண்டுவந்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள், நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களே பெரும்பான்மையாக, இங்கு வந்து குடியேறின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தனர். 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டதும் நிலக்கரியின் தேவை குறைந்தது. ஆயினும் பாதையின் பயன் குறையவில்லை.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசுக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தோண்டவேண்டிய நிலையில் செலவு வரவை மிஞ்சியது. 2001 பிப்ரவரி 28இல் நிறுவனம் மூடப்பட்டது. அன்று வேலை இழந்தவர் மூவாயிரத்திற்கு மேற்பட்டோர்.

அதன்பின் நிகழ்ந்ததுதான் இப்பொருளின் உயிர்நாடி. நூறாண்டுகளாக வேலைக்கு ஆட்களை உள்ளே கொண்டுவந்த பாதை, வேலை தேடுவோரை வெளியே கொண்டுசெல்லும் பாதையாயிற்று. விடிவதற்கு முன் மாரிகுப்பத்திலிருந்து புறப்பட்டு, சாம்பியன், ஊர்காம், கோரமண்டல், பெமல் நகர் நிலையங்களில் நின்று, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் வண்டிகளில் கட்டடத் தொழிலாளரும், துணிக்கடை ஊழியரும், மருத்துவமனைப் பணியாளரும், கணினி நிறுவன ஊழியரும், கல்லூரி மாணவரும் செல்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரம் இது. 1964இல் தொடங்கப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கு மண் தோண்டும் இயந்திரங்களைச் செய்கிறது. அதே நிறுவனத்தின் பெங்களூர்த் தொழிற்சாலையில் இரயில் பெட்டிகள் உருவாகின்றன. ஆனால் ஒரு தொழிற்சாலை ஒரு நகரத்தையே தாங்கிவிட முடியாது. வீடும் உறவும் இங்கே இருக்க, ஊதியம் பெங்களூரில் கிடைக்கிறது. இடையிலுள்ள எண்பத்தைந்து கிலோமீட்டர் அளவான தொலைவை இரயில் எத்தனை மணியில் கடக்கிறது என்பதைப் பொறுத்தே, ஒரு குடும்பம் ஊரில் தங்குவதும் ஊரைவிட்டுப் பெயர்வதும் அமைகிறது.

தரம் உயர்த்துதல் என்பது எது?

நிலையத்தைத் தரம் உயர்த்துதல் என்றவுடன் முகப்பு வளைவும் வண்ணப்பூச்சும் நினைவுக்கு வருதல் இயல்பு. புதிய வண்டி விடுவதற்கு வேண்டியவை பெரும்பாலும் கண்ணில் படாதவை.

முதலாவது பாதை. பழைய முறையில் 13 மீட்டர் தண்டவாளங்களைத் துண்டுதுண்டாக இணைத்தனர். ஒவ்வோர் இணைப்பிலும் சக்கரம் இடித்து, இணைப்பும் தேயும், அடியிலுள்ள மண்ணும் அமுங்கும். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்களில் இத்தொல்லை இல்லை. மரக்கட்டைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் ஸ்லீப்பர்களைக் கிலோமீட்டருக்கு 1660 என்ற கணக்கில் போடுகின்றனர். பதினாறு கிலோமீட்டருக்கு இருபத்தாறாயிரத்துக்கும் மேல் வேண்டும். அவற்றின் கீழ் போதிய கனத்தில் சரளைக் கல் இட்டு, மழைநீர் வடிய வழி செய்யவேண்டும். தங்க வயலில் இக்கடைசி வேலைக்குத் தனிக் கவனம் தேவை. தாதுவை அரைத்துச் சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மணல் மூன்று கோடி டன்னுக்கு மேல் குன்றுகளாக நிற்கிறது. காற்றிலும் மழையிலும் கரைந்து பரவும் அந்த நுண்மணல் சரளையின் இடுக்குகளில் புகுந்து அடைத்துக்கொண்டால், நீர் வடியாது; பாதை தன் நெகிழ்வை இழக்கும். ஆழ்சுரங்கங்களில் நேர்ந்த பாறை வெடிப்புகள் நிலத்தின் மேலுள்ள கட்டடங்களையும் பாதித்த வரலாறு இவ்வூருக்கு உண்டு. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் இங்கே நிறுவப்பட்டது தற்செயல் அன்று. கைவிடப்பட்ட சுரங்கங்களுக்கு அருகே பாதை அமைப்போர் அந்த அறிவைப் பயன்படுத்திக்கொள்வது நலம்.

இரண்டாவது வேகம். இங்குப் பலரும் தவறிவிடுகின்றனர். பதினாறு கிலோமீட்டரில் ஆறு நிலையங்கள் எனில், இரு நிலையங்களுக்கு இடையே சராசரி மூன்று கிலோமீட்டரே. அனுமதிக்கும் உச்ச வேகத்தை மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 100ஆக உயர்த்தினாலும், வண்டி அந்த வேகத்தை எட்டுவதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். விரைந்து கிளம்பவும் விரைந்து நிற்கவும் வல்ல வண்டியே இங்குப் பயன்படும். இருமுனையிலும் ஓட்டுநர் அறை கொண்ட மெமு மின்தொடர் வண்டிகளின் சிறப்பு இதுவே. மாரிகுப்பம் பாதை முடியும் நிலையம்; எஞ்சின் பூட்டிய வண்டியானால் எஞ்சினைக் கழற்றி, பக்கத் தடத்தில் சுற்றி, மறுமுனையில் பூட்டவேண்டும். மெமு வண்டியில் ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து சென்றாலே போதும். மிச்சமாகும் நேரத்தில் காலை நெரிசல் வேளையில் இன்னொரு வண்டிக்கு இடம் கிடைக்கக்கூடும்.

மூன்றாவது ஒற்றைத் தடத்தின் கொள்ளளவு. எதிரெதிர் வண்டிகள் ஒதுங்க இடமில்லாத ஒற்றைப் பாதையில் ஒரு முறை செல்ல 35 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். போய்த் திரும்ப 70 நிமிடம். அனுமதி கொடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றேகால் மணிக்கு ஒரு வண்டிதான். நடுவில் ஒரு நிலையத்தில் ஒதுங்கு தடமும் சமிக்ஞையும் அமைத்தால் இது ஏறத்தாழ இரட்டிக்கும். முழுப் பாதையையும் இரட்டைத் தடமாக்கும் செலவில் சிறு பங்கே இதற்கு ஆகும்.

நடைமேடை நீளமும் இதில் அடங்கும். ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுள்ள பெட்டிகள் பதினாறு சேர்ந்தால் 336 மீட்டர். நடைமேடை அதற்குக் குறைவாக இருந்தால் கடைசிப் பெட்டிகளில் இருப்போர் சரளைக் கல்லில் குதித்து இறங்கவேண்டும். முதியவர்க்கும் கருவுற்ற பெண்டிர்க்கும் இதன் பொருள் என்ன என்பதை விளக்கவேண்டியதில்லை.

மத்திய அரசு 2023இல் தொடங்கிய அமிர்த பாரத் நிலையத் திட்டத்தின் பட்டியலில் பங்காருபேட்டை, மாலூர், குப்பம் நிலையங்கள் இடம்பெற்றன. சந்திப்பு நிலையம் செம்மையாவது வேண்டியதே. ஆனால் கிளைப் பாதையின் சிறு நிலையங்களில் ஏறுவோர்க்கு வேண்டுவது மேற்கூரை, குடிநீர், விளக்கு, பூட்டிக் கிடக்காத கழிப்பறை. பெரிய நிலையத்தின் மதிப்பீட்டில் இவை சில்லறைச் செலவாகவே அடங்கிவிடும்.

முட்டுச்சந்து திறக்குமா?

மாரிகுப்பத்தோடு பாதை முடிந்துவிடுவதே தங்க வயலின் பழைய குறை. இதனை நீக்க, மாரிகுப்பத்திலிருந்து ஆந்திர மாநிலத்துக் குப்பத்திற்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர்ப் புதிய பாதை 2011-12இல் ஒப்புதல் பெற்றது. இப்பாதை நிறைவுற்றால் ஜோலார்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் வண்டி தங்க வயலினூடே பங்காருபேட்டை செல்லலாம். தங்க வயலிலிருந்து சென்னை செல்வோர் முதலில் எதிர்த்திசையில் பங்காருபேட்டைக்குப் போகவேண்டியிராது. முதன்மைப் பாதையில் தடை நேர்ந்தால் மாற்றுவழியும் கிடைக்கும். ஆயினும் இரு மாநிலங்களில் நிலம் எடுக்கவேண்டிய வேலை; ஒப்புதலுக்கும் முதல் வண்டிக்கும் இடையில் பத்தாண்டுகள் கடந்துவிட்டன. 1894இல் நிலக்கரியை எதிர்பார்த்த கம்பெனிகளுக்குப் பாதை கிடைத்த வேகத்தோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கிளைப் பாதையைச் செம்மைசெய்து முடித்தாலும் சிக்கல் அங்கு முடியாது. பங்காருபேட்டைக்கு அப்பால், சென்னை–பெங்களூர் முதன்மைப் பாதையில் விரைவு வண்டிகளுக்கு வழிவிட்டு உள்ளூர் வண்டி ஒதுங்கி நிற்கவேண்டும். கண்டோன்மெண்டுக்கும் ஒயிட்பீல்டுக்கும் இடையே நான்கு தடங்கள் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது இந்நெருக்கடியைக் கருதியே. ஆகவே மாரிகுப்பத்தில் புறப்படும் புதிய வண்டிக்கான கால அட்டவணையை மாரிகுப்பத்தில் எழுதத் தொடங்குதல் கூடாது. காலை எட்டு மணி வேலைமுறைக்கு ஆட்கள் ஒயிட்பீல்டில் எத்தனை மணிக்கு இறங்கவேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வந்தால்தான், விடியற்காலையில் ஊர்காம் நடைமேடையில் எத்தனை மணிக்கு விளக்கு எரியவேண்டும் என்பது தெரியும்.