நீதிபதி நாற்காலியும் பழைய பதிவுகளும்



யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அந்த அய்யா, சேரி மக்களுக்காகத் தட்டச்சு செய்த ஒவ்வொரு மனுவின் கார்பன் நகலையும் ஒரு தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். எழுதியதற்கு நாம்தான் முதல் சாட்சி என்பார். இன்று நம் இளம் வழக்கறிஞர்கள் நம்மிடம் அதற்கு நேர்மாறாக ஒன்றைக் கேட்கிறார்கள்: “பழைய பதிவுகளை அழித்துவிடலாமா? நாளைக்கு நீதிபதிப் பதவிக்கு இடைஞ்சலாகுமே?” இந்தக் கேள்வியை இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டோம். ஏனென்றால் இது வீண் பயம் அல்ல.

2017 செப்டம்பர் 1 நமக்கு மறக்காது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த, கூலித் தொழிலாளியின் மகளான அனிதா அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றவர். அவர் இறந்தபோது நம்மில் எழுதாதவர் யார்? அழுதோம், கோபப்பட்டோம், கிடைத்ததையெல்லாம் பகிர்ந்தோம்.

அந்த மரணத்தை அரசியல் துரோகம் என்று சொன்ன பதிவைப் பகிர்ந்தவர்களில் சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யனும் ஒருவர். 2022 பிப்ரவரியில் அவரை நீதிபதியாக்க உச்ச நீதிமன்றக் கொலீஜியம் பரிந்துரைத்தது. உளவுத்துறை இரண்டு பகிர்வுகளைச் சுட்டிக்காட்டியது. ஒன்று, பிரதமரை விமர்சித்த ஓர் இணைய இதழ்க் கட்டுரை. மற்றொன்று, அனிதா பற்றிய பதிவு. அவருக்கு நல்ல பெயர் உண்டு, நேர்மையில் குறை எதுவும் இல்லை என்றும் அதே உளவுத்துறைதான் சொன்னது. 2023 ஜனவரி 17 அன்று, இந்தப் பகிர்வுகள் அவருடைய தகுதியையோ குணத்தையோ பாதிக்காது என்று கூறி, கொலீஜியம் அவரை மீண்டும் பரிந்துரைத்தது. அப்படி ஒருமித்து மீண்டும் பரிந்துரைத்தால் அரசு நியமித்தாக வேண்டும் என்பது 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மார்ச் மாதம் வரை ஆணை வரவில்லை. பின்னால் பரிந்துரைக்கப்பட்டவர்கள் முந்திக்கொண்டு போக, முன்னவர்களின் பணிமூப்பு பறிபோவது கவலைக்குரியது என்று கொலீஜியமே தீர்மானத்தில் எழுத வேண்டியதாயிற்று.

அதே ஜனவரி 17 அன்று சென்னைக்குப் பரிந்துரைக்கப்பட்ட இன்னொருவர் எல். விக்டோரியா கௌரி. இஸ்லாமியரையும் கிறிஸ்தவரையும் பற்றி அவர் நேர்காணல்களில் பேசியது வெறுப்புப் பேச்சு என்று சென்னை வழக்கறிஞர்கள் குடியரசுத் தலைவருக்கும் கொலீஜியத்துக்கும் முறையிட்டார்கள். அவருக்கு மூன்று வாரத்தில் ஆணை வந்தது. பிப்ரவரி 7 காலை டெல்லியில் மனு விசாரணை. அதே காலை சென்னையில் பதவியேற்பு. சட்டப்படியான தகுதியை நீதிமன்றம் ஆராயலாம், ஒருவர் பொருத்தமானவரா என்பதை ஆராய முடியாது என்று மனு தள்ளுபடியானது.

அந்த விசாரணையில் நீதிபதி பி.ஆர். கவாய் சொன்னதை நாம் மறைக்கக் கூடாது. தமக்கும் அரசியல் பின்னணி உண்டு, தீர்ப்புகளில் அது குறுக்கே வந்ததில்லை என்றார். அது நியாயமான வாதம். 1957-இல் கேரளத்தின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்த கிருஷ்ணய்யர் 1973-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். சிறைக்கைதிகளின் உரிமைக்காக அவர் எழுதிய தீர்ப்புகளை இன்றும் நாம் கையில் எடுக்கிறோம். ஆகவே கட்சிச் சார்பு இருந்தது என்பதற்காக ஒருவரை நாம் ஒதுக்க மாட்டோம்.

பிறகு எதை அளவுகோலாக வைப்பது? அவர் பேசியது அதிகாரத்தை எதிர்த்தா, பிறப்பையும் மதத்தையும் காட்டி மக்களை எதிர்த்தா என்று பார்க்க வேண்டும். அரசை விமர்சித்தவர் முன் அரசு வழக்காடலாம். அதனிடம் வழக்கறிஞர் படையே இருக்கிறது. ஒரு சமூகத்தையே ஆபத்து என்று சொன்னவர் முன் அந்தச் சமூகத்தின் ஏழை எந்த நம்பிக்கையில் வந்து நிற்பார்? நம் தோழர் ஒருவர் பெண்களையோ இன்னொரு சாதி மக்களையோ இழிவாக எழுதியிருந்தால், அதே தராசில்தான் அவரையும் நிறுத்த வேண்டும். அதில் நமக்குச் சலுகை கேட்க முடியாது.

நடுநிலை என்பது என்ன என்றும் யோசிப்போம். வன்கொடுமை நடந்த ஊருக்குப் போய்வந்தவரின் முகநூல் சுவரில் கோபம் இருக்கும். போக வேண்டிய தேவையே இல்லாதவரின் சுவர் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். இரண்டாமவரைத்தான் நடுநிலையாளர் என்கிறார்கள். 2018 முதல் 2023 ஜூலை வரை உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 18 பேர், பழங்குடியினர் 9 பேர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. வாசல் ஏற்கெனவே இத்தனை குறுகல். அதில் பதிவுகளையும் சலித்தால் நம்மில் யார் மிஞ்சுவார்?

தலைமை நீதிபதியும் மற்றவர்களைப் போலக் குறைகளும் முன்முடிவுகளும் உள்ள மனிதர்தான் என்று 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். அரசிடம் மட்டும் விடுவதையும் அவர் ஏற்கவில்லை. நம் கோரிக்கையும் அதுவே. ஆட்சேபம் எதுவானாலும் எழுத்தில் வரட்டும். சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்கட்டும். ஏற்றதற்கும் மறுத்ததற்கும் காரணம் வெளிவரட்டும். கோப்பைக் கிடப்பில் போட்டே ஒருவரைத் தோற்கடிக்கும் வழக்கத்துக்குக் காலக்கெடு வேண்டும்.

பங்குச் சந்தைகள் சார்ந்த சட்டத்தில் வல்லவரான சோமசேகர் சுந்தரேசனும் சமூக ஊடகக் கருத்துகளுக்காக நிறுத்திவைக்கப்பட்டவர்தான். கருத்துரிமையைச் சொல்லிக் கொலீஜியம் உறுதியாக நின்றது. 2023 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியானார். நின்றால் சில கதவுகள் திறக்கும். எல்லாம் திறக்கும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டோம்.

மாணவ நண்பர்களே, தவறாக எழுதியிருந்தால் தவறு என்று எழுதித் திருத்துங்கள். அனிதாவுக்காக எழுதியதை அழிக்காதீர்கள். அய்யாவின் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறது. அதில் நம் பதிவுகளுக்கும் இடம் உண்டு.

ஜெய்பீம்.