கடைமடை வரை: பள்ளிப் பிள்ளைகளும் நிரலாக்கமும்

(அதிராம்பட்டினத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

1955இலேயே காதிர் முகைதீன் கல்லூரியைக் கண்ட ஊரில் கல்வி பற்றிப் பேசுவது பெருமை. நேரம் கருதிப் பொருளுக்கு வருகிறேன்.

1. வழக்கு

நிரலாக்கத்தைப் பிள்ளைகளுக்கு எப்போது கற்பிப்பது என்பதில் எனக்கும் துறை நண்பர்களுக்கும் நெடுநாள் வழக்கு உண்டு. ஆங்கிலம் கைவரட்டும், மேல்நிலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கட்சி. நம் பாடத்திட்டமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது: பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான், அதுவும் கணினிப் பிரிவு எடுத்தவர்களுக்கு. ஆறாம் வகுப்பில், தமிழில், தம் ஊர்க் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

2. சான்று: முறைப்பாசனம்

பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது தெரியும். ஒரு வாய்க்கால், ஐந்து வயல்கள் என்று கரும்பலகையில் வரையுங்கள். நீரைப் பங்கிடும் கட்டளைகளை எழுதச் சொல்லுங்கள். "தலைமடையிலிருந்து தொடங்கு, வயல் நிரம்பியதும் அடுத்த மடைக்குப் போ" என்றே முதலில் எழுதுவார்கள். மேட்டூர் அணையில் 120 அடி நீர் நிற்கும் ஆண்டில் இது சரியாக நடக்கும். நீரைப் பாதியாக்குங்கள்: ஐந்தாம் வயல் காயும். எந்த வரியில் பிழை என்று தேடுவார்கள். "நிரம்பியதும்" என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, மடைக்கு ஒரு மணி நேரம், பிறகு மறுபடி முதல் மடை என்று சுற்று வைப்பார்கள். இப்போது ஐந்தாம் வயலுக்கும் நீர் வரும். ஆனால் வழியில் மண் குடித்ததுபோக, குறைவாக வரும். ஆகவே தூரத்துக்கேற்ப நேரம் மாற வேண்டும். அது மாறி. நிரம்பிய வயலின் முறையைத் தாண்டிப் போக வேண்டும். அது நிபந்தனை. நீர் தீர்ந்தால் சுற்று நிற்க வேண்டும். அது முடிவு.

இதில் கணினி எங்கே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கட்டளைகள் தெளிந்தபின் கணினிக்குப் போகலாம். முத்து அண்ணாமலை 2009இல் கட்டுரை எழுதி அறிமுகப்படுத்திய எழில் மொழியில் இதே நிரலைத் தமிழ்ச் சொற்களால் எழுதி ஓட்டலாம். பிறகு பைத்தானுக்கு மாற்றலாம். சுற்றும் நிபந்தனையும் புரிந்த பிள்ளைக்குப் புதிய மொழி சுமையாகாது. 1967இல் லோகோ மொழியைப் படைத்த சீமோர் பேப்பர்ட் குழுவினரும் சிறுவர்களை நம்பியே தொடங்கினார்கள்.

3. ஆசிரியர்

இந்தப் பாடத்தைக் கணித, அறிவியல் ஆசிரியர்களே நடத்தலாம்; ஆனால் அவர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

4. இனிச் செய்ய வேண்டியவை

உப்பளம், மீன் ஏலம், ரயில் அட்டவணை ஆகியவற்றிலிருந்தும் பயிற்சிகள் எழுதலாம். தேர்வில் மனப்பாடக் கேள்விகளைக் குறைத்து, பிழை திருத்தும் கேள்விகளைக் கூட்டலாம். இளைய ஆய்வாளர்கள் இவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேல்நிலை வரை காத்திருப்பது தவறு என்பதே என் முடிவு. இங்குள்ள ஆசிரியர்கள் வரும் கல்வியாண்டிலேயே ஆறாம் வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்கித் தொடங்குங்கள்.