ஒரு சொல் விழுங்கிய சொற்கள்



1989-இல் வெளிவந்த ஆக்சுபோர்டு பேரகரமுதலியின் இரண்டாம் பதிப்பு, 'செட்' எனும் வினைக்கு ஏறத்தாழ 430 பொருள் காட்டுகின்றது. இருக்கச் செய்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். நம் 'இருத்து' போன்றதே. அவ்வளத்தை நாம் பழிக்கவில்லை. அஃது ஆங்கிலேயரின் தாய்மொழிச் சொல்!

நமக்கோ வினைதோறும் தனிச்சொல் உண்டு. ஞாயிறு சாயும், காரை இறுகும், கல்லைப் பதிப்போம், பொறியை வைப்போம், முறிந்த எலும்பைப் பொருத்துவோம். இன்று நட்புக் கூடினாலும் 'செட்', மணம் பொருந்தினாலும் 'செட்', தட்டிலிடும் தோசைக்கும் 'செட்'! வந்தது ஒன்று, போனவை எத்தனை?

அண்மையில் ஒரு சிறுவன், "தயிர் செட் ஆகவில்லை" என்றான். 'தோய்தல்' அவன் செவியில் விழுந்ததே இல்லையாம். அதே வீட்டில்தான் அவன் பாட்டி நாள்தோறும் பாலுக்கு உறை ஊற்றுகின்றார்.