நாம் வரி கட்டும் நூலகம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். தேநீர் வருவதற்குள் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார் செயலாளர். நம் பகுதிக் கிளை நூலகத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ரூபாய்க்கு 10 காசு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. இந்த வரிக்கு வழி செய்தது அந்தச் சட்டம். ஆக, அந்த நூலகம் நம் காசில் நடப்பது. நம்மில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்?

அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன். கணிதம் கற்பித்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வேலை சலித்துப்போய், பழைய கல்லூரிக்கே திரும்பிவிட நினைத்தாராம். இங்கிலாந்து போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. இங்கே வந்ததும் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். வாசகருக்கு உரிய நூலும், நூலுக்கு உரிய வாசகரும் கிடைக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். இரண்டையும் சேர்த்து வைப்பது எது? என் அனுபவத்தில், பேச்சுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவி காலமானார். அதன்பின் பால்காரர், காவலாளி தவிர யாரிடமும் பேசாத நாட்கள் உண்டு. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கத்தான் நூலகத்துக்குள் போனேன். "என்ன படிப்பீங்க சார்?" என்று நூலகர் கேட்டார். "எப்பவோ ஜானகிராமன் படிச்சிருக்கேன்" என்றேன். ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்கப் போனபோது, "எப்படி இருந்தது?" என்றார். ஒரு கதை பிடிக்கவில்லை என்றேன். பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர், "எனக்கு அதுதான் சார் ரொம்பப் பிடிச்சது" என்று குறுக்கிட்டார். அரை மணி நேரம் வாதாடினோம். கிளம்பும்போதுதான் தெரிந்தது, அவர் நம் 'சி' பிளாக், மூன்றாவது மாடி. எட்டு ஆண்டுகளாக ஒரே லிஃப்டில் போய் வந்திருக்கிறோம், பெயர்கூடத் தெரியாது. இன்று அவர்தான் என் மாலை நடைத் துணை.

இப்போது மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு காலை அங்கே வாசகர் வட்டம் கூடுகிறது. வருவது ஐந்தாறு பேர். போன மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தான் எடுத்த புத்தகம் பாதிக்கு மேல் போரடித்தது என்று தைரியமாகச் சொன்னாள். நூலகர் கோபப்படவில்லை. எந்த இடத்தில் போரடித்தது என்று கேட்டு, வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். இந்த மாதம் அவள் தோழியையும் கூட்டி வந்தாள்.

"எல்லாம்தான் போனிலேயே இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் படித்து முடித்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்க அதில் ஆள் இல்லை.

குறைகளும் உண்டு. விசிறி மெதுவாகத்தான் சுற்றுகிறது. புதிய நூல்கள் தாமதமாகத்தான் வருகின்றன. ஆனால் ஐந்து பேர் வரும் நூலகத்துக்கு விசிறி கேட்டால் யார் காதில் விழும்? ஐம்பது பேர் வந்தால் கேட்கும் குரலுக்கு வலு வரும்.

உங்களிடம் கேட்பது மூன்று. ஒன்று, உறுப்பினராகுங்கள், ஆகும் செலவு மிகச் சிறியது. இரண்டு, ஒரே ஒரு இரண்டாம் ஞாயிறு பேரப்பிள்ளையோடு வாருங்கள். படித்திருக்க வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும். மூன்றாவது, படியிறங்க முடியாத பெரியவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். என்ன படிக்க விருப்பம் என்று அவர்களைக் கேட்டு, உங்கள் அட்டையில் ஒரு நூல் எடுத்துக் கொடுங்கள். திரும்ப வாங்கப் போகும்போது பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

இது புதிய யோசனையல்ல. 1931இலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பி வைத்தார். நமக்கு மாடும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். லிஃப்ட் இருக்கிறது.

தேநீர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. மற்ற நாளில் வாருங்கள். 'சி' பிளாக் நண்பரும் நானும் அங்கேதான் இருப்போம், பெரும்பாலும் சண்டை போட்டுக்கொண்டு.