பொன்மலையின் இரும்பு

தனிம வரிசையில் இரும்புக்கு 26-ஆவது இடம். பூமியின் மேலோட்டு எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு இரும்பு. பூமி முழுவதையும் கணக்கில் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. இப்படி மலிந்து கிடப்பதாலேயே அதற்கு மதிப்பில்லை. திருவரங்கத்துப் பொன் விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறவர்கள், தங்களை அங்கே கொண்டு வந்து சேர்த்த தண்டவாளத்தைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. தங்கம் யாரோடும் சேராது, எதற்கும் அசையாது, பெரிதாக ஒரு வேலையும் செய்யாது. ஆனாலும் கும்பிடு அதற்குத்தான். திருச்சியில் பொன்மலை என்றே ஓர் இடம் உண்டு. 1928 முதல் அங்கே இருப்பது ரயில்வே பணிமனை. நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டி அனுப்பியது இந்தப் பணிமனைதான். பெயரில் பொன், வேலையெல்லாம் இரும்பு.

இரும்பின் மற்ற குணங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். தண்ணீரைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு கனம். 1538 டிகிரி செல்சியஸில் உருகும். காந்தத்தைக் கண்டால் ஒட்டும். 770 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் அந்தப் பாசமும் போய்விடும். எலக்ட்ரானைக் கொடுப்பதில் ஒரு நிலையான கொள்கை கிடையாது. ஒரு சமயம் இரண்டு, இன்னொரு சமயம் மூன்று.

இனி முக்கியமான குணம். இரும்பு ஆக்சிஜனைக் கண்டால் விடாது. பக்கத்தில் தண்ணீரும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், துருதான். அலுமினியமும் ஆக்சிஜனோடு சேரும். ஆனால் சேர்ந்தபின் கெட்டியான மெல்லிய போர்வையைப் போர்த்திக்கொண்டு அடங்கிவிடும். இரும்பின் துரு உப்பி, பொருக்காகி உதிரும். அடியில் இருக்கும் புது இரும்பு மறுபடி காற்றுக்கு வரும், மறுபடி துருப்பிடிக்கும். இதைத் தடுக்க வீட்டு ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் முதலில் பூசுவது ரெட் ஆக்சைடு. அந்தச் செம்மண் நிறம் எங்கிருந்து வருகிறது? இரும்பு ஆக்சைடிலிருந்து. ஆகத் துரு வராமல் இருக்கத் துருவின் தாயாதியையே பூசுகிறார்கள்.

வேறொரு பழியும் இரும்பின் தலையில் விழுவதுண்டு. 1928-இல் கட்டிய கொள்ளிடம் பழைய பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒரு பகுதி சரிந்தபோது, இரும்புப் பாலம் இற்று விழுந்தது என்று ஊரில் பேச்சு. முதலில் சரிந்தவை ஆற்றுக்குள் நின்ற தூண்கள். மேலே இருந்த இரும்பு, தாங்க ஆளில்லாமல் விழுந்தது.

இரும்பு ஆக்சிஜனை விடாது என்பதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் திருச்சியின் பிழைப்பே அந்த இரண்டையும் சேரவிடாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்போடு 1965-இல் தொடங்கிய பெல் பாய்லர் ஆலையையும், 1975-இல் அதனுள் அமைந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தையும் சுற்றி, துவாக்குடி வரை வெல்டிங் பட்டறைகள் முளைத்தன. வெல்டிங் என்றால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறி பறக்க ஒட்டுவது என்று நினைப்பது பாமரத்தனம். உருகிய இரும்பு திட இரும்பைவிடப் பல மடங்கு ஆவலோடு ஆக்சிஜனைத் தேடும். சில நொடி அதைத் தடுத்து நிறுத்துவதுதான் கலை. டிக் வெல்டிங்கில் அந்தக் காவலுக்கு ஆர்கான் வாயு நிற்கிறது. ஆர்கான் எதிலும் பட்டுக்கொள்ளாத சோம்பேறி. இந்த உத்தியோகத்துக்கு அதுவே தகுதி. குரோமியம் கூடுதலாகக் கலந்த உருக்குக் குழாய் என்றால் வெளிப்பக்கக் காவல் போதாது. குழாயின் உள்ளேயும் ஆர்கானை நிரப்பிய பிறகே ரூட் பாஸ் என்ற முதல் தையலைப் போட வேண்டும். நிரப்பாமல் போட்டால் உட்பக்கத் தையல், பொங்கிக் கருகிய வெல்லப்பாகு போலச் சொரசொரவென்று நிற்கும். வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கும், எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும்.

குச்சி வெல்டிங்கில் எதிரி ஈரம். எலக்ட்ரோடின் மேற்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து உட்கார்ந்து, வெல்டர் வீட்டுக்குப் போன பிறகு ராத்திரியில் விரிசலாக வெளிவரும். அதனால் குச்சியை ஓவனில் சுட்டு, கைப்பிடியுள்ள சிறு ஓவனில் சூட்டோடு எடுத்துப் போய், வேண்டும்போது ஒவ்வொன்றாக உருவுவார்கள். ஐப்பசி மழையில் கட்டுக் கட்டாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறவனை மூத்த வெல்டர் யாரும் பட்டறையில் வைத்துக்கொள்வதில்லை. நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றித் தானே வளைந்து நெளிந்து போடுவது சிக்ஸ்-ஜி. அதில் தேறியவனுக்கு வளைகுடா நாடுகளில் வேலை உண்டு. கணினிப் படிப்பே படிப்பு என்று நம்பும் கூட்டத்துக்கு இந்த வித்தை கண்ணில் படுவதில்லை.

இவ்வளவு காவலும் போட்டுக் கட்டிய பாய்லருக்குள் என்ன நடக்கிறது? நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பிரித்து வெளியேற்றி, சுத்தமான நீரை உள்ளே விடுகிறார்கள். கடும் சூட்டில் இரும்பு அந்த நீரிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துவிடும்! விடாது என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் இங்கே விளைவது செந்துரு அல்ல, மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடு. இரண்டு கொடுத்த இரும்பும் மூன்று கொடுத்த இரும்பும் அதில் ஒன்றாகக் குடியிருக்கின்றன. குழாயின் உட்சுவரில் அடர்த்தியாக ஒட்டி, கீழே இருக்கும் இரும்பைக் காப்பாற்றும். சிவப்பு தின்னும், கறுப்பு காக்கும். பாய்லர்காரர்களுக்கு இது பாலபாடம்.

சிவப்பையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. 1939 மே 16-இல் தொடங்கிய திருச்சி வானொலியில், ஒலிநாடாக் காலத்துக் கச்சேரிகளும் நாடகங்களும் பழுப்பு நிற நாடாவில் பதிந்தன. அந்தப் பழுப்பும் இரும்பு ஆக்சைடுதான். துருவின் உறவினர் மேல் ஏறித்தான் வித்வான்களின் குரல் தங்கியது.

உடம்பிலும் மூன்று, நான்கு கிராம் இரும்பு உண்டு. பெரும்பகுதி ரத்தத்தில், அதே ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை. அங்கே மட்டும் பிடித்ததை வேண்டிய இடத்தில் விட்டுவிடும் நாகரிகம் அதற்கு உண்டு. இந்த இரும்பு சாப்பாட்டின் வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் அடுப்படியில் நான்-ஸ்டிக் வந்து தோசைக்கல்லைப் பரணுக்கு அனுப்பிவிட்டது. கல்லை எண்ணெய் காட்டிப் பழக்கப் பொறுமையில்லாதவர்களின் நாகரிகம் அது. இரும்புச் சட்டியில், அதுவும் புளி சேர்த்துக் கொதிக்க வைத்தால், குழம்பில் இரும்பு கொஞ்சம் இறங்கும். கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் கறுத்துப்போய் நாக்கில் ஆணி நக்கிய ருசி தட்டும்.