விடையைச் சொல்லிவிடாதீர்கள்

(தஞ்சை வட்டாரச் சேரிகளில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களிடையே பேசியது)



பிள்ளை கணக்கில் தடுமாறியதும் நாம் விடையைச் சொல்லிவிடுகிறோம். இரக்கத்தில்தான் சொல்கிறோம். ஆனால், 'உன்னால் ஆகாது' என்று அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே பலர் சொல்லியாயிற்று. நாமும் அன்பான குரலில் அதையே சொல்ல வேண்டுமா?

பழைய தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் வீட்டுச் சிறுவன் மிராசுதாரின் மாடு மேய்த்து வளர்ந்தான். எந்த மடையை எப்போது திறப்பது என்பது அவன் குடும்பத்துக்குத் தெரியும். முடிவு மட்டும் மிராசுதாருடையது. எதிர்த்துக் கேட்டால் சவுக்கடி, சாணிப்பால். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கும் முன்பே, 1940களில், பி. சீனிவாசராவும் தோழர்களும் கட்டிய விவசாயச் சங்கத்தில் பண்ணையாட்கள் கூடிப் பேசி முடிவெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். முதுகு நிமிர்ந்தது அங்கேதான்.

'செய்து கற்பது என்றால் ராஜாஜி சொன்னதுதானே?' என்று சிலர் கேட்பார்கள். 1953 குலக்கல்வித் திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. பெரியார் போராடினார், 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்தத் திட்டம் பிள்ளைக்குக் கேள்வியே கொடுக்கவில்லை. நீ யார் என்ற விடையைப் பிறப்பிலேயே எழுதிவைத்தது.

நமக்குப் பக்கத்து உதாரணம் செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளை ஏணிப்படியைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்தது. சுவரில் அதற்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியரும் தரையில். அட்டை எடுப்பதே சடங்காகிப்போன வகுப்புகளும் இருந்தனதான். ஆனாலும் வட்டமாக உட்கார்ந்தால் கடைசி வரிசை ஏது? கடைசி வரிசை வழக்கமாக யாருக்கென்று உங்களுக்கே தெரியும்.

இந்த வாரம் ஒரு கணக்குக் கொடுங்கள். ஒரு வேலி என்பது 20 மா. மாவுக்கு நடவுக்கூலி 1,500 ரூபாய், நடவாட்கள் 6 பேர் என்று வைத்துக்கொண்டால், வேலி முழுக்க நட்டு முடித்தபின் ஆளுக்கு எவ்வளவு? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மண்ணில் கோடு கிழிக்கட்டும், பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போடட்டும். தப்பாக வந்தால், 'எப்படிப் போட்டே?' என்று மட்டும் கேளுங்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே பாதிப் பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

அடுத்து ஒருத்தி கேட்பாள்: 'எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் குறைச்சுத் தர்றாங்க?' அங்கேதான் நமக்கு நாக்குத் துறுதுறுக்கும். மேடையில் பேசிப் பழகியவர்கள் இல்லையா! பொறுங்கள். 'நீ என்ன நினைக்கிறே?' என்று கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் பாடத்திட்டம் வேண்டாம். பிள்ளைகள் அடித்துத் திருத்திய நோட்டுகளைக் கொண்டுவாருங்கள்.