தோட்டத்துப் பழமும் தகரத்துப் பழமும்



தோட்டத்தில் விளைந்த கொய்யாவையும் பப்பாசியையும் சந்தைக்கு அனுப்பிவிட்டு, திரும்பும் வழியிற் பிள்ளைகளுக்கெனத் தகரத்திலடைத்த பழமோ போத்தற் பானமோ வாங்கிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. விலை கூடிய பொருளிற் சத்தும் கூடுதலென எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்துமென்பது பற்றியே இன்று பேசவிருக்கின்றேன்.

தகரத்திலடைக்கும்போது, கிருமிகளை அழித்தற்பொருட்டுக் காய்கனிகளை மிகுந்த சூட்டுக்கு உட்படுத்துகின்றனர். உயிர்ச்சத்து ‘சீ’ சூட்டினால் அழிவது. நீரிற் கரைந்தும் வெளியேறுவது. ஆகவே அடைக்கும்போதே அதில் ஒரு பகுதி போய்விடுகின்றது. ஆயினும் மூடிய தகரத்தினுட் காற்றுப் புகாமையால், எஞ்சிய சத்துப் பல மாதங்களாக மெதுவாகவே குறையும். கரட்டிலுள்ள கரோட்டீன் பெரும்பாலும் கெடுவதில்லை. தக்காளியின் செந்நிறப் பொருளோ, சூடாக்கிய பின்னரே உடலில் நன்கு சேர்கின்றது. எனவே தகரத்துணவு யாவும் சத்தற்றதெனத் தள்ளிவிடுதல் நியாயமன்று.

புதியதென்னும் பெயரும் நம்மை ஏமாற்றக்கூடும். பறித்த பின்னரும் காய்கறிகள் சுவாசித்துக்கொண்டேயிருக்கின்றன. வெயிலிற் கிடந்து, சாக்கில் நெரிபட்டு, இரவு முழுவதும் லொறியிற் சென்று, கடையிலும் இரண்டு நாள் வாடிய கீரையில் உயிர்ச்சத்து ‘சீ’யின் பெரும்பகுதி இராது. பறித்த அன்றே தகரத்திலடைத்த காய் சிலவேளை அதனினும் மேலாயிருத்தல் கூடும். ஆகையாற் கீரையைக் காலைக் குளிர்ச்சியிற் பறித்து, நிழலில் வைத்து, ஈரச் சாக்கினால் மூடுங்கள். தக்காளியைச் சாக்கில் திணியாது, பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி அனுப்புங்கள். வாங்குவோர் பெறுவது சத்தா சக்கையா என்பது பெரிதும் உங்கள் கையிலேயே இருக்கின்றது.

உங்கள் வீட்டுக்கோ நகரத்தாருக்கில்லாத வாய்ப்புண்டு. வளவிற் பறித்ததை அரைமணி நேரத்துள் உண்ணலாம். 100 கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உயிர்ச்சத்து ‘சீ’ உண்டு. தோடம்பழத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராமே. இருந்தும் நோயாளியைப் பார்க்கச் செல்வோர் வேலியோரத்துக் கொய்யாவை விட்டுத் தோடம்பழத்தையே தேடி வாங்குகின்றனர்! வல்லாரையைச் சம்பலாக்கியும், முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவுடன் வறையாக்கியும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தேங்காயிலுள்ள கொழுப்பு, கரோட்டீன் உடலிற் சேர உதவும். இலைகளைக் கழுவிய பின்னரே வெட்டவேண்டும். தேசிக்காய்ப் புளியை அடுப்பினின்று இறக்கிய பின் விடுங்கள்.

பழத்தைப் பிழிந்து வடித்தால் நார்ப்பொருள் போய்விடும். ஆதலின் சாற்றிலும் முழுப்பழமே மேல். பழச்சுவை மாத்திரம் ஊட்டிய பானங்களிற் பெரும்பாலும் இருப்பது நீரும் சீனியுமே. தகரத்துப் பழம் வாங்க நேரின், சீனிப்பாகில் அடைத்ததை விடுத்துத் தன் சாற்றிலேயே அடைத்ததைத் தெரிந்தெடுங்கள். உப்பு நீரில் அடைத்த காய்கறிகளை, நீரை வடித்து ஒருமுறை அலசிச் சமையுங்கள். மூடி ஊதியுள்ள தகரத்து உணவை ஒருபோதும் சுவைத்துப் பார்க்க வேண்டாம். கோழிகளுக்கும் போடாது, தகரத்துடன் ஆழப் புதைத்துவிடுங்கள்.